பல் பார்த்து வாங்கிய அரளி

தும்பிவலசு என்ற ஊரில் நான்கு பேர் இருந்தார்கள். ஊரில் வேறு ஆட்களும் இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் உண்டோம், உழைத்தோம் என்று காலம் தள்ளுகிறவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த நான்கு பேர் அப்படியல்ல. எதையும் உட்கார்ந்து யோசித்துத்தான் செய்வார்கள். அவர்கள் யோசிக்க உட்கார்ந்தாலே அக்கம்பக்கத்தார் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

மூத்தவன் சென்னியப்பன். அவனுக்கு அடுத்து அத்தப்பன், ராக்கிமுத்து, வெள்ளிங்கிரி. நான்கு பேரும் பரம்பரை மாட்டு வியாபாரிகள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்வார்கள், உடம்பிலுள்ள மயிர்ச்சுழியைப் பார்த்துக் குணம் சொல்வார்கள். லாரி வந்தது, வண்டி மாட்டுக்கு மவுசு போனது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நால்வரையும் கண்டு மனம் இளகிய கோயில் தர்மகர்த்தா வேலப்பர், மாரியம்மன் கோயில் நந்தவனத்தை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வேலப்பர் தங்கமான மனிதர். இது அவர் செய்த முதல் தப்பு.

நால்வரும் சாமந்தியும் காசித்தும்பையும் விதைத்தார்கள். அதெல்லாம் தையில் பூத்துக் குலுங்கி மாசியில் தலை சாய்ந்துவிடும். வைகாசியில் அம்மன் திருவிழா வரும்போது நந்தவனத்தில் காய்ந்த குச்சிகள்தான் நிற்கும். இரண்டு வருஷமாக அம்மனுக்குச் சந்தையில் வாங்கிய மாலைதான் போனது. ஊர்க்கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. அந்த இடத்தைத் தேங்காய் மட்டை காயப்போடும் களமாக்கினால் ஊருக்காவது உபயோகப்படும் என்று ஊர்க்காரர்கள் சிலர் எழுந்து நின்றே சொன்னார்கள்.

சென்னியப்பனுக்கு அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. திருவிழாவில் மேளம் முன்னே போக, பூத்தட்டைத் தலையில் சுமந்து வருவது நந்தவனக்காரனின் உரிமை. போன வருஷம் அவன் தட்டைச் சுமந்து வந்தபோது, பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த அவன் மச்சான் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, "மாமா, எந்தச் சந்தையில வாங்குன பூவுங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். ஊரே சிரித்தது. சென்னியப்பன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. இந்த வருஷம் தன் கையால் வளர்த்த பூவைச் சுமந்து அந்த மச்சான் முன்னால் நடக்க வேண்டும், அதற்கப்புறம் செத்தாலும் சரி என்றிருந்தான்.

மாசிக் கடைசியில் வேலப்பர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"இத பாரு சென்னியப்பா. வர்ற வைகாசிக்கு அம்மன் கழுத்துல நம்ம நந்தவனத்துப் பூ ஏறோணும். ஏறலீன்னா அது மட்டைக் களந்தான். ஊருக்கு முன்னால நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"என்ன செடிங்கய்யா வெக்கறது?"

"வெயிலுக்குத் தாங்கற செடியா இருக்கோணும். ஒருக்கா வெச்சா வருஷக்கணக்கா நின்னு பூக்கோணும். பாத்துப் பொறுக்கி எடு."

சென்னியப்பன் பேந்தப் பேந்த விழித்தான். அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று நினைத்த வேலப்பர், அங்கேதான் தன் இரண்டாவது தப்பைச் செய்தார்.

"மாடு வாங்கறப்ப எப்படிப் பாத்து வாங்குவே? அதே மாதிரி பாத்து வாங்கு, போ."

சென்னியப்பன் முகம் தெளிந்தது. இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் வீணாகியிருக்காதே என்று நினைத்துக்கொண்டே கூட்டாளிகளைத் திரட்டினான்.

இரண்டு மைல் தள்ளி ருக்குமணி என்ற பெண் நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். நால்வரும் மறுநாள் காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கையில் சாட்டையும் தோளில் தாம்புக்கயிறுமாகப் போய் இறங்கினார்கள். பூச்செடி வாங்கச் சாட்டை எதற்கு என்று ருக்குமணி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முதலில் செம்பருத்தி. சென்னியப்பன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பூவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது பாரு. காலங்காத்தாலயே மூச்சு வாங்குது. வெயிலுக்கு எங்க தாங்கும்?"

"அது நாக்கு இல்லீங்ணா. செம்பருத்திப் பூவே அப்படித்தானுங்."

"விக்கறவிய எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க அம்மிணி," என்றான் சென்னியப்பன் இரக்கத்தோடு.

அடுத்தது மல்லிகை. குச்சியில் சாய்ந்து நின்றது. "ஊனுகோல் இல்லாம நிக்க மாட்டீங்குது, கெழடு," என்று ராக்கிமுத்து தள்ளிவிட்டான். அதற்கடுத்த காகிதப்பூச் செடியை அவன் தட்டிக்கொடுத்தபோது முள் சுருக்கென்று குத்தியது. "முட்டுதுங்ணா!" என்று நான்கடி துள்ளிப் பின்வாங்கினான். முட்டுகிற மாடு வீட்டுக்கு ஆகாது என்று அதையும் ஒதுக்கினார்கள். நந்தியாவட்டையின் இலை ஒன்று ஒடிந்து வெள்ளையாகப் பால் வடிந்தபோதுதான் அத்தப்பனுக்கு உயிர் வந்தது.

"அண்ணா, இது கறவை! பூவுக்குப் பூவும் ஆச்சு, பாலுக்குப் பாலும் ஆச்சு."

இரண்டு நந்தியாவட்டை எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

கடைசியாக அரளிக்கு வந்தார்கள். சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து கணுக்கணுவாகத் தடவிப் பார்த்தான். அரளியில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை சுற்றி நிற்கும். அவன் கண் விரிந்தது.

"எல்லாக் கணுவுலயும் மூணு மூணா சுத்தி வந்திருக்குது. இப்படிச் சுத்தமான சுழிய நான் சந்தையிலயே பாத்ததில்ல."

"பல்லைப் பாருங்ணா," என்றான் வெள்ளிங்கிரி.

தேடித்தேடிப் பார்த்தார்கள். பல் இல்லை.

"இன்னும் மொளைக்கலியா, எல்லாம் விழுந்துருச்சா?" என்று அத்தப்பன் கவலைப்பட்டான். "மொளைக்கலீன்னா கன்னு, விழுந்துருச்சுன்னா கெழடு. எதுன்னு தெரியாம எப்படி வாங்கறது?"

ருக்குமணி இடையில் புகுந்தாள். "ஒரு வருஷத்துச் செடிங்ணா. நல்லாப் பாத்துக்கிட்டா இருவது வருஷம் நிக்கும். எந்த வெயிலுக்கும் அசையாது."

"இருவது வருஷம் நிக்கும்னு அம்மிணி வாய்ல சொல்லுது. நாம கண்ணுல பாக்கலியே," என்றான் அத்தப்பன். "இங்கயே இருந்து இருவது வருஷம் பாத்துட்டு, நின்னுச்சுன்னா வாங்கிக்கலாம்."

"வைகாசிக்கு இன்னும் மூணு மாசந்தானே இருக்குது?" என்றான் சென்னியப்பன்.

அத்தப்பன் விரல் விட்டு எண்ணினான். "அப்ப மூணு மாசத்துக்குள்ள இருவது வருஷத்தையும் பாத்துப்போடோணும்."

அது நடக்கிற காரியம் இல்லை என்று ஒப்புக்கொள்ளவே அரை மணி நேரம் ஆனது. அதற்குப் பதிலாக வெயில் பரீட்சை வைப்பது என்று முடிவாயிற்று. அரளித் தொட்டிகளை நட்ட நடு வெயிலில் வரிசையாக வைத்தார்கள். யார் முதலில் சாய்கிறார்கள் என்று பார்க்க அவர்களும் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். பதினொன்றரைக்கு ராக்கிமுத்து சாய்ந்தான். ருக்குமணி ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து மோர் கொடுத்தாள். அரளி அசையவே இல்லை.

"செயிச்சிருச்சு!" என்று விழுந்து கிடந்த ராக்கிமுத்துதான் முதலில் கத்தினான்.

அம்மனுக்கு என் காணிக்கையாக இருக்கட்டும் என்று ருக்குமணி ஐந்து அரளியையும் இரண்டு நந்தியாவட்டையையும் சும்மாவே கொடுத்துவிட்டாள். பக்தி பாதி, இவர்கள் கிளம்பினால் போதும் என்பது பாதி. வழியனுப்பும்போது நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "நட்டு ஒரு வாரத்துக்கு நெழல் குடுக்கோணும். வேர் புடிச்சுதான்னு பாத்துக்கோணும். ஆடு உள்ள வராம வேலி போடோணும். தண்ணி ஊத்தறதை நான் சொல்லித்தான் தெரியோணும்னு இல்லீங்."

வாங்கிய மாட்டை யாராவது தூக்கிக்கொண்டு போவார்களா? நடத்தித்தான் கூட்டிப்போவார்கள். ஏழு தொட்டிக்கும் கயிறு கட்டினார்கள். சென்னியப்பன் முன்னால் பிடிக்க, மற்றவர்கள் பின்னால் ஹை ஹை என்று ஓட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் மைலில் மூன்று தொட்டி உடைந்தது.

"சண்டித்தனம் பண்றது இங்கயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு," என்றான் சென்னியப்பன்.

அடுத்த மைலில் இன்னொன்றும் சண்டித்தனம் பண்ணியது. நந்தவனத்துக்கு வந்து சேர்ந்தது இரண்டு அரளியும் ஒரு நந்தியாவட்டையும்தான். நட்டார்கள். மறுநாள் காலையில் அத்தப்பன் செம்பை எடுத்துக்கொண்டு போய் நந்தியாவட்டைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சொட்டுப் பாலும் வரவில்லை. இடம் புதுசு, பழகினால் கறக்கும் என்று மற்றவர்கள் அவனைத் தேற்றினார்கள்.

நிழல் கொடுக்கிற வேலை அன்றே ஆரம்பித்தது. யாருடைய நிழலைக் கொடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. அவரவரிடம் இருப்பது அவரவர் நிழல்தானே. காலையில் செடிகளுக்குக் கிழக்கே வரிசையாக நின்றார்கள், நிழல் நீளமாகச் செடி மேல் விழுந்தது. பொழுது ஏற ஏறச் செடியை நெருங்கி நெருங்கி வந்தார்கள். உச்சி வேளையில் சிக்கல் வந்தது.

"நெழல் நம்ம கிட்டயே திரும்பி வந்துருச்சுங்ணா," என்றான் வெள்ளிங்கிரி.

"செடிக்குக் குடுத்ததை நாம திருப்பி வாங்கிக்கறது முறையில்ல," என்றான் சென்னியப்பன்.

"இப்ப எங்க இருக்குது?"

குனிந்து பார்த்தார்கள். "காலுக்கு அடியில."

நால்வரும் நெற்றியைச் சுருக்கி நின்றார்கள். பிறகு வெள்ளிங்கிரி மெதுவாக நடந்து போய் நந்தியாவட்டையின் மேல் ஏறி நின்றான். "இப்ப நல்ல நெழலுங்ணா!" என்றான் சந்தோஷமாக. கறவை அத்தோடு போய்ச் சேர்ந்தது.

சென்னியப்பனுக்கு அரளியின் மேல் ஏற மனசு வரவில்லை. அந்தச் சுழிக்காரியின் மேல் அவனுக்கு ஒரு பாசம் விழுந்திருந்தது. காலை அகட்டி இரண்டு செடிக்கும் நடுவில் நின்று, வேட்டியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டான். ஏழு நாள் உச்சி வேளையிலும் அப்படியே நின்றான். முதுகுத் தோல் உரிந்தது.

அதே ஏழு நாளும் வேர் பார்க்கிற வேலையை அத்தப்பன் செய்தான். காலையில் எழுந்ததும் இரண்டு செடியையும் பிடுங்குவான், மண்ணை உதறுவான், வேரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "இன்னும் புடிக்கலீங்ணா," என்று சொல்லித் திரும்ப நடுவான். ஐந்தாம் நாள் ஒரு அரளி வெறுத்துப்போய் உயிரை விட்டது. மிச்சம் இருந்த ஒன்றுக்கு என்ன வைராக்கியமோ, எட்டாம் நாள் காலையில் அத்தப்பன் இழுத்தான், வரவில்லை. ராக்கிமுத்து அவன் இடுப்பைப் பிடித்தான், வெள்ளிங்கிரி ராக்கிமுத்தின் இடுப்பைப் பிடித்தான். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தும் வராமல் பின்பக்கமாக விழுந்தார்கள்.

"வேர் புடிச்சிருச்சு!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

அப்புறம் வேலி. ஆடு எந்த வழியாக உள்ளே வரும் என்று ஒரு பகல் முழுக்க ஆராய்ந்தார்கள். வாசல் வழியாகத்தான் வரும் என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே வாசல் இல்லாமல் வேலி போட்டார்கள். கருவேல முள்ளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, கடைசி முள்ளைச் சொருகிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நான்கு பேரும் உள்ளே இருந்தார்கள்.

சென்னியப்பனின் மனைவி பாவாயி வேலிக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங், அரளிய எந்த ஆடுங்க கடிச்சிருக்குது? ஆடு அதை மோந்துகூடப் பாக்காதே!"

"கடிக்காம இருக்கோணும்னுதான வேலியே போட்டிருக்கறோம்," என்றான் சென்னியப்பன்.

அன்றிலிருந்து பாவாயி சோறு போட்ட தூக்குப்போசியைக் கழியில் மாட்டி வேலிக்கு மேலாக நீட்டினாள். உள்ளேயே கிணறு இருந்தது. நால்வருக்கும் வேறு வேலை இல்லாததால் செடிக்கு வேளை தவறாமல் தண்ணீர் கிடைத்தது. பங்குனி வெயில் கொளுத்தியது, சித்திரை வெயில் பொரித்தது. அரளி தளதளவென்று கிளைத்தது. வைகாசி பிறந்ததும் மொட்டு விட்டது.

திருவிழாவன்று காலை சென்னியப்பன் கண் விழித்தபோது செடி முழுக்கச் செக்கச்செவேலென்று பூ. எண்ணிப் பார்த்தான். நாற்பத்தேழு. மூன்று தரம் எண்ணினான், மூன்று தரமும் நாற்பத்தேழே வந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தலையில் தட்டு, முன்னால் மேளம், எதிரே மச்சான் வாயடைத்து நிற்கிற காட்சி, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. அம்மா தாயே, மானத்தைக் காப்பாத்திட்டே என்று கோயில் இருந்த பக்கம் விழுந்து கும்பிட்டான்.

"அண்ணா," என்றான் ராக்கிமுத்து மெதுவாக. "சந்தையில மொதல் பரிசு வாங்குன மாட்டுக்கு என்ன செய்வோம்?"

"மாலை போடுவோம்."

"போடலீன்னா?"

"மாடு மனசு விட்டுரும். அப்பறம் அடுத்த வருஷம் நிக்காது."

நால்வரும் செடியைப் பார்த்தார்கள். இத்தனை வெயிலுக்கு அசையாமல் நின்று ஜெயித்த செடி வெறுங்கழுத்தோடு நின்றது. சென்னியப்பனுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

"மாலைக்குப் பூவுக்கு எங்க போறது?" என்றான் வெள்ளிங்கிரி.

"இத்தனை பூவைக் கண்ணு முன்னால வெச்சுக்கிட்டுக் கேக்கறான் பாரு," என்று சென்னியப்பன் சிரித்தான்.

நாற்பத்தேழு பூவையும் அலுங்காமல் பறித்தார்கள். வாழைநாரில் நெருக்கமாகக் கட்டினார்கள். அருமையான மாலை. சென்னியப்பன் அதை இரண்டு கையாலும் ஏந்தி அரளிச் செடிக்குப் போட்டான். நால்வரும் கை தட்டினார்கள்.

அந்த நேரத்தில் வேலிக்கு வெளியே மேளச் சத்தம் கேட்டது. வேலப்பர் பித்தளைத் தட்டோடு ஏணி வைத்து ஏறி உள்ளே குதித்தார். ஆடு ஏறிவிடக் கூடாதே என்று வெள்ளிங்கிரி ஒரு கழியால் ஏணியை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டான்.

"பூ எங்கடா?"

சென்னியப்பன் பெருமையோடு காட்டினான். வேலப்பர் செடியைப் பார்த்தார். செடியில் ஒரு பூ இல்லை. செடியின் கழுத்தில் நாற்பத்தேழு இருந்தது.

"அடப் பாவிகளா! அம்மனுக்கு வெச்சிருந்த பூவைச் செடிக்கே போட்டுட்டீங்களேடா! ஒருத்தர் கழுத்துல ஏறுன மாலை அம்மனுக்கு ஆகுமா? செடியில இருந்து பறிச்ச கையோட கொண்டு போற பூவுதானடா ஆகும்! ஊரு முன்னால நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

சென்னியப்பனுக்கு இப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. மட்டைக் களமும் மச்சானின் சிரிப்பும் ஒன்றாகக் கண்ணில் தெரிந்தன. தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தான். "என்ற பொழப்பே போச்சே," என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வெள்ளிங்கிரி தலையைச் சொறிந்தான்.

"செடியில இருந்து பறிச்சாத்தான் ஆகும்னா, திரும்பச் செடியில வெச்சுட்டுப் பறிச்சாப் போச்சுங்களே?"

மூன்று பேரும் அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். இப்படி ஒரு மூளை தங்களோடு இத்தனை நாள் வேலிக்குள் இருந்ததே என்ற மலைப்பு. மாலையைப் பிரித்தார்கள். நாரைக் கிழித்தார்கள். ஒவ்வொரு பூவாக எடுத்துக் காம்பைக் கிளையோடு சேர்த்து வைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள்.

வேலப்பர் ஏணியைத் தேடினார். இல்லை. வெளியே கத்தினார். பூத்தட்டு புறப்பட்டுவிட்டது என்று நினைத்த மேளக்காரர்கள் இன்னும் பலமாக வாசித்தார்கள். முள்வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், வேட்டி கிழிந்ததுதான் மிச்சம். போக வழியில்லாமல் திரும்பி வந்து நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"அட, அதைத் தலைகீழாக் கட்டறான் பாரு. குடு இங்க."

உட்கார்ந்து ஒன்று கட்டினார். அடுத்ததையும் கட்டினார். "இந்தக் கெளையில ரெண்டு விட்டுப்போச்சு." "நாரை நனைச்சுக்கடா, அத்தப்பா." "மொட்டுக்குப் பக்கத்துல வெச்சுக் கட்டு, அப்பத்தான் எடுப்பா இருக்கும்." சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மும்முரமாக இறங்கிவிட்டார். நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை.

நாற்பத்தேழாவது பூவை வேலப்பரே உச்சிக் கிளையில் கட்டினார். நான்கடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். செடி முழுக்கச் செக்கச்செவேலென்று பூ.

"சென்னியப்பா, இந்த நந்தவனம் இனி என்னைக்கும் உன்றதுதான். மட்டைக் களம்னு எவனாவது வாயைத் தொறந்தா நான் பாத்துக்கறேன்."

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அப்பப் பறிச்சுரலாங்களாய்யா? மேளம் காத்திருக்குது."

"பறி, பறி." வேலப்பர் பித்தளைத் தட்டை நீட்டினார். நீட்டியவர் மறுபடி ஒருமுறை செடியைப் பார்த்துவிட்டு, தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இருந்தாலும் இத்தனை பூப் பூத்துட்டு வெறுங்கழுத்தா நிக்குது பாரு சென்னியப்பா, எனக்கு மனசு கேக்கல. மொதல்ல அதுக்கு ஒரு மாலையக் கட்டிப் போட்டுட்டு, அப்பறம் அம்மனுக்குப் பறிச்சுக்கலாம்."